ஒரு புள்ளிக்கான பயிற்சி

எங்கள் அணியில் யாருக்கு எவ்வளவு முடியாது என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்று இருக்கிறது. கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சேர்த்து. முடியும் என்பதற்குத்தான் எங்கள் எவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

நாங்கள் ஆடுவது சக்கர நாற்காலி ஹாக்கி. மோட்டார் வைத்த நாற்காலி, இடது கையில் அதை ஓட்டுகிற குமிழ், வலது கையில் எடையே இல்லாத பிளாஸ்டிக் மட்டை, தரையில் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்து. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு முதல் ஒன்பது வரை பாட்மிண்டன் கூடத்தை எங்களுக்குத் தருவார்கள். அதன் பிறகு உடம்பு இளைக்க ஆடுகிற பெண்கள் வருவார்கள். எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உங்களைப் பார்த்தா எங்களுக்கு எவ்வளவு ஊக்கமா இருக்கு தெரியுமா?” என்பார்கள். அன்றைக்கு நாங்கள் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றிருப்போம்.

எங்கள் லீகில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறதோ அவ்வளவு புள்ளி. களத்தில் ஒரு அணிக்கு நான்கு பேர். நான்கு பேரின் புள்ளிகளும் சேர்ந்து பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் கை நன்றாக இருக்கிறவர்களே முழு நேரமும் ஆடிவிட்டு, என்னைப் போன்றவர்களைத் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் வைத்துவிடுவார்கள் அல்லவா? நல்ல மனசுக்காரர்கள் உட்கார்ந்து யோசித்த நல்ல விதி. அதனால்தான் அதில் இத்தனை பொந்துகள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்தெட்டு. குடிநீர் அலுவலகத்தின் புகார் மையத்தில் போன் எடுப்பது வேலை. என் தசைகள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்துகொண்டிருக்கின்றன. பதினெட்டு வயதில் கால்கள் முதலில் கடிதம் கொடுத்தன. பிறகு முதுகு. இடது கை நோட்டீஸ் காலத்தில் இருக்கிறது. வலது கை மட்டும் விசுவாசமான ஊழியர். போன வருடம் அதற்கு இரண்டு புள்ளி கொடுத்தார்கள். அந்தக் கையால் ஒரு கோலும் போட்டிருக்கிறேன். எதிரணியின் கோல்கீப்பர் அப்போது தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

இதுவரை சிக்கல் இல்லை. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர், எங்களுக்குத் ‘தபால்’, மூன்று புள்ளி, டெய்லர் மூன்று, லைப்ரரியன் மூன்று, நான் இரண்டு. ஆகப் பதினொன்று. விதிக்கு உட்பட்டு, கண்ணியமாக, வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஸ்டுடியோ வந்து சேர்ந்தான்.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். விபத்தில் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. இடுப்புக்கு மேலே ஒரு பயில்வான் உட்கார்ந்திருக்கிறான். பழைய அணியில் சண்டை போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தவன், முதல் நாளே கூடத்தின் ஒரு கோடியிலிருந்து அடித்து மறு கோடியில் கோல் போட்டான். எங்கள் கோச் ஒரு காலத்தில் காலால் ஓடி ஆடுகிற ஹாக்கியில் கோல்கீப்பராக இருந்தவர். வாழ்நாளில் ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த முகத்தோடு, அவன் நாற்காலியை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

ஆனால் ஸ்டுடியோ ஐந்து புள்ளி. தபாலும் டெய்லரும் மும்மூன்று. என்னுடைய இரண்டைக் கூட்டினால் பதின்மூன்று. லைப்ரரியனைப் போட்டால் இன்னும் மோசம், பதினான்கு. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியைப் போட்டு உடைக்க நான் ஒருத்தி இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சி முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. எல்லா நாற்காலிகளும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பணிவாக என்னைச் சுற்றி உட்கார்ந்ததில்லை.

“அடுத்த மாசம் உனக்கு மறு மதிப்பீடு வருதும்மா,” என்றார் கோச், தரையைப் பார்த்தபடி.

“தெரியும்.”

“ரெண்டு ஒண்ணாச்சுன்னா…”

“என்ன ஆகும்?”

“பன்னிரண்டு ஆகும்,” என்றார் தபால். அவர் எப்போதும் சுற்றி வளைக்க மாட்டார்.

ஸ்டுடியோ தன் நாற்காலியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். “அக்கா, நீங்க மட்டும் ஒரு புள்ளி இறங்கிட்டா இந்த வருஷம் கப்பு நமக்குதான். எழுதித் தரேன்.”

“கையிலேர்ந்து மட்டை போயிடுமே.”

அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் லீகில் ஒரு புள்ளிக்காரர்களுக்குக் கையில் மட்டை கிடையாது. நாற்காலியின் முன்னால், பாதத்துக்குக் கீழே, குறுக்காக ஒரு மட்டையைப் பூட்டிவிடுவார்கள். நாற்காலியைத் திருப்பினால் மட்டை திரும்பும். அதை வைத்துக்கொண்டு சுவர் மாதிரி தடுக்கிற கெட்டிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அங்கே பந்தை அடிப்பது நாற்காலி. வாரத்தில் ஆறு நாள் என் கை போன் எடுக்கிறது, போன் வைக்கிறது. ஏழாவது நாள் அது ஒன்றை அடிக்கிறது. அந்த ஒரு வேலையை அதனிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். நானும் அக்காவும்தான். அவளுக்கு நாற்பத்தைந்து. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இன்னமும் அவளுக்குப் பாப்பா. என் உடம்பைப் பற்றி என்னைவிட அழகாகப் பேசக்கூடியவள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது அவளுடைய வேதம். எந்த அலுவலகத்தில் எவ்வளவு நீளமான வரிசை இருந்தாலும், கவுண்டருக்கு நேராகப் போய், “தம்பி, பிறந்ததிலிருந்து இவ பட்ட கஷ்டம் இருக்கே…” என்று ஆரம்பிப்பாள். பிறந்து பதினெட்டு வருடம் நான் மரம் ஏறிக்கொண்டிருந்தது அவள் கணக்கில் வராது. மூன்றாவது வாக்கியத்தில் கவுண்டர்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஐந்தாவதில் முத்திரை விழும்.

“இதுக்கா இவ்வளவு யோசனை?” என்றாள் அக்கா. “ஒரு புள்ளிதானே? நான் வாங்கித் தரேன். நீ சும்மா உட்காரு, அழறதை என்கிட்ட விடு.”

“என் கை நல்லாத்தானேக்கா இருக்கு?”

அக்கா என் டம்ளரை எடுத்து மேஜை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். “யாரு இல்லேன்னு சொன்னா?” என்றாள்.

ஊரோடு ஒத்துப் போகிற புத்தி எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும். நான்கு பேர் ஆசைப்படுகிறார்கள். ஒரு வருடம்தானே, அடுத்த வருடம் மறுபடி மதிப்பீடு வரும், அப்போது ஓங்கி அடித்து என் இரண்டை வாங்கிக்கொள்கிறேன். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த ஞாயிறு கோச்சிடம் சரி என்றேன். அவர் என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. உலகத்தில் எந்தக் கோச்சும் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுத்திராத பயிற்சி.

மதிப்பீட்டில் மூன்று அடி அடிக்கச் சொல்வார்கள். அதில் ஒரு அடியாவது ஐந்து மீட்டரைத் தாண்டினால் இரண்டு புள்ளி. போன வருடம் நான் எட்டு அடித்திருந்தேன். கோச் தரையில் சாக்பீஸால் ஐந்து மீட்டருக்கு ஒரு கோடு போட்டார். அதைத் தொடாமல் இருப்பதுதான் பாடம். முதல் அடி கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

“நல்லாவே இல்ல,” என்றார் கோச். “அதாவது, ரொம்ப நல்லா இருக்கு. வேணும்னே மெதுவா அடிக்கிறன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“வேணும்னேதானே சார் அடிக்கிறேன்?”

“அது அவங்களுக்குத் தெரியக் கூடாதும்மா. நீ உயிரைக் கொடுத்து அடிக்கிற, ஆனா பந்து போகல. அந்த மாதிரி தெரியணும். தோள்ல ஆரம்பிச்சு, முழங்கைக்கு வந்து, மணிக்கட்டுல செத்துப் போகணும்.”

ஆளாளுக்கு யோசனை. கை லேசாக நடுங்கினால் நன்றாக இருக்கும் என்றார் டெய்லர். பல்லைக் கடித்துக்கொண்டால் நம்புவார்கள் என்றார் லைப்ரரியன். மதிப்பீட்டு அறையில் டீ கொடுத்தால் வாங்கவே கூடாது என்பது தபாலின் எச்சரிக்கை. கப்பை எப்படிப் பிடிக்கிறோம் என்று மறைவாகக் கவனிப்பார்களாம். விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடுவதா, அக்கா போடுவதா, கைநாட்டா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. என் கையெழுத்து கொஞ்சம் அழகாக இருக்கும். அது எங்கள் அணிக்கு ஆபத்து என்று முடிவாயிற்று.

இரண்டாவது வாரம் பந்து நான்கு மீட்டரில் நின்றது. கை தானாகவே நடுங்குகிற மாதிரி செய்ய எனக்கு வந்துவிட்டது. மூன்றாவது வாரம் மூன்றரை. “அற்புதம்!” என்று கோச் கத்தினார். ஸ்டுடியோ கை தட்டினான். இருபது வருடமாகப் புகார் மையத்தில், “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது” என்று சொல்லிச் சொல்லிப் பழகிய எனக்கு நடிப்பு இரத்தத்திலேயே ஊறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதிப்பீடு ஒரு மறுவாழ்வு மையத்தின் தரைத் தளத்தில். வழவழப்பான தரை, ஓரத்தில் இழுத்துக் கட்டிய திரைகள், எடை பார்க்கிற கருவி. சுவரில் ஒரு பெரிய போஸ்டர், ஒற்றைக் காலோடு ஒருவர் சிரித்துக்கொண்டு மலை ஏறுகிறார். கீழே கொட்டை எழுத்தில், “உங்களால் முடியும்!” அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு, எங்களால் என்ன முடியாது என்று எழுதிக்கொள்ள இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டாக்டரம்மா, நரைத்த தலை, தூக்கக் கலக்கமான கண்கள். இன்னொருவர் இளவயது பிசியோதெரபிஸ்ட், கழுத்தில் விசில், கையில் அளவு நாடா.

நானும் அக்காவும் உள்ளே போனோம். அக்கா என் பழைய மருத்துவக் காகிதங்களை எல்லாம் சேர்த்து ஒரு தலையணை கனத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். மேலே ஒரு கைக்குட்டை, தயாராக. கோச் கதவருகில் நின்றுகொண்டார். மற்றவர்கள் நடைபாதையில். கதவுக் கண்ணாடியில் ஸ்டுடியோவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

ஒரு பெண் டீ கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். கோச் கண்ணை மூடித் திறந்து பாராட்டினார். எனக்குத் தொண்டை வறண்டு கிடந்தது.

பிசியோதெரபிஸ்ட் என் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியில் கிடந்த மட்டையைப் பார்த்தார். பிறகு மிகவும் கனிவாகக் கையை நீட்டினார். “இது எதுக்கு மேடம், வீணா கஷ்டப்பட்டுக்கிட்டு? முன்னாடி பூட்டுற மட்டையை எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”

நான் இன்னும் ஒரு அடியும் அடிக்கவில்லை. மூன்று வாரம் பழகிய நடிப்பைத் தொடங்கக்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தே அவர் முடிவு கட்டிவிட்டார்.

என் உடம்பில் எதற்கு வேண்டுமானாலும் பலம் குறையும். கோபத்துக்கு மட்டும் குறையாது. கோப்பையாவது, மண்ணாங்கட்டியாவது! என் கையிலிருந்து மட்டையை வாங்க நீ யாரடா என்று நெஞ்சுக்குள் ஒரு சத்தம். ஸ்டுடியோ வேறு அணி பார்த்துக்கொள்ளட்டும். கோச் கோப்பையைத் தொடாமலே செத்துப் போகட்டும். நான் எட்டு மீட்டர்க்காரி.

“பந்தை வைங்க,” என்றேன்.

வைத்தார். மட்டையை இறுக்கிப் பிடித்தேன். கோச் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் தூக்கி எறிந்தேன். நடுக்கம் வேண்டாம், பல்லைக் கடிக்க வேண்டாம், மணிக்கட்டில் சாகடிக்க வேண்டாம். தோளிலிருந்து, முதுகிலிருந்து, இருக்கிற எல்லாவற்றையும் திரட்டி ஓங்கி அடித்தேன்.

பந்து உருண்டது. உருண்டு, நின்றது.

பிசியோதெரபிஸ்ட் நாடாவை இழுத்துப் பார்த்தார். “மூணு நாற்பது.”

கதவருகில் கோச்சின் முகம் மலர்ந்தது. நான் என் கையைப் பார்த்தேன். நடிப்பை நான் நிறுத்தியிருந்தேன். கை நிறுத்தவில்லை. அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிசியோதெரபிஸ்டின் கனிவு கொஞ்சம் குறைந்திருந்தது. “மேடம், தப்பா நினைக்காதீங்க. நாங்க இங்க நிறைய பேரைப் பார்த்தாச்சு. போன வருஷம் எட்டு மீட்டர்னு எழுதியிருக்கு. இந்த வருஷம் உங்க டீம்ல ஒரு அஞ்சு புள்ளிக்காரர் சேர்ந்திருக்காரு. எங்களுக்கும் கணக்குத் தெரியும். கொஞ்சம் உண்மையா அடிங்க.”

“உண்மையாத்தான் அடிச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

இரண்டாவது பந்து. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, கோணத்தைச் சரிசெய்துகொண்டு அடித்தேன். மூன்று பத்து. மூன்றாவது பந்துக்கு முன்னால் அந்தக் கையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். இருபது வருடமாக என்னுடன் இருக்கிற ஒரே ஊழியர். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒருவேளை அது சொல்லிக்கொண்டுதான் இருந்ததோ என்னவோ. நான்தான் மூன்று வாரமாக அதை என் திறமை என்று நினைத்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது அடி இரண்டு எண்பது.

பிசியோதெரபிஸ்ட் அருகில் வந்து என் வலது கையைப் பிடித்தார். “நான் கீழ அழுத்துவேன், நீங்க மேல தள்ளுங்க.” தள்ளினேன். ஏமாற்றுகிறவர்களின் தசை விட்டுவிட்டுத் தள்ளுமாம். அது விரலுக்குத் தெரிந்துவிடுமாம். அவர் விரலுக்கு என்ன தெரிந்ததோ, முகம் மாறிவிட்டது. கையை மெதுவாக, உடைந்துவிடும் பொருளை வைப்பது போல, நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார். டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

“சாரி மேடம்,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரியுது.”

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். குழாயில் இனி தண்ணீர் வராது என்று ஆகிவிட்ட தெருக்காரர்களிடம் நான் பேசுகிற குரல் அது.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தபோதுதான் அக்கா எழுந்தாள். அணியின் பிரம்மாஸ்திரம். கோச் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“டாக்டர்,” என்றாள் அக்கா. “ரெண்டு போடுங்க.”

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

“அவளுக்கு ரெண்டு போடுங்க டாக்டர். அவ நல்லா அடிப்பா. காலையிலேர்ந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கல, அதான் இப்படி. வேற ஒரு நாள் வெச்சுப் பாருங்க. போன வருஷம் கோல் போட்டா, உங்களுக்குத் தெரியுமா? நான் பார்த்தேன். தனியாப் போட்டா.” தலையணை கனத்துக் காகிதங்கள் சரிந்து தரையில் விழுந்தன. அவள் குனிந்து எடுக்கவில்லை. “ஒரு புள்ளிதானே டாக்டர்? உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? கையில அந்த மட்டையை மட்டும் விட்டுடுங்களேன்.”

எத்தனையோ கவுண்டர்களில் அக்கா அழுது பார்த்திருக்கிறேன். அதெல்லாம் கைவேலை. இந்த அழுகையில் மூக்கு ஒழுகியது, வார்த்தை கோர்வையாக வரவில்லை, கைக்குட்டையை எடுக்க மறந்துவிட்டாள். டம்ளரை ஏன் எடை குறைந்ததாக மாற்றினாள், ரொட்டியை ஏன் துண்டு துண்டாக்கித் தட்டில் வைக்கிறாள், என் சட்டைகளில் பட்டன் இருந்த இடத்தில் ஏன் ஒட்டுப் பட்டை வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஆறு மாதமாவது ஆகியிருக்கும்.

“இந்த ரூம்ல எல்லாரும் குறைச்சுப் போடுங்கன்னுதாம்மா கெஞ்சுவாங்க,” என்றார் டாக்டரம்மா. “கூட்டிப் போடுங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்.” கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதினார். ஒன்று. அந்த எண்ணை எழுத ஒரு கோடு போதும். முத்திரை, தேதி, கையெழுத்து.

அக்காவின் அழுகை பலிக்காத முதல் கவுண்டர் அது.

வெளியே வந்ததும் நடைபாதையில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. டெய்லர் நாற்காலியை வட்டமடித்தார். லைப்ரரியன், தான் இனி ஆடப்போவதே இல்லை என்பதை மறந்து கைதட்டினார். யாரோ கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் க்ரீமில் பெரிதாக ‘1’ என்று எழுதியிருந்தது. முதல் பிறந்தநாளுக்கு விற்கிற கேக்காக இருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு யானைக்குட்டி.

“முப்பது வருஷமா ஆட்டக்காரங்களோட இருக்கேன்,” என்றார் கோச். “அந்த முதல் அடி! உயிரைக் கொடுத்து அடிச்ச மாதிரியே இருந்தது. மூணாவது அடிக்கு முன்னாடி கையை மடியில வெச்சுக்கிட்டுப் பார்த்தியே ஒரு பார்வை, அது நான் சொல்லித் தரலையே! எங்கேர்ந்து புடிச்ச?”

“அதைவிட அக்கா!” என்றார் தபால். “ரெண்டு போடுங்கன்னு கேட்டா ஒண்ணு போடுவாங்கன்னு யாருக்குத் தோணும்? உங்க மூளையே மூளை.”

அக்கா வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும், உண்மையைச் சொல்லப் போகிறாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைக்கக்கூட இல்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேக்கை வெட்டப் போனாள்.

ஏன் தடுத்தேன்? இப்போதும் யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் கேக்கை மூடி வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தொட்டிருப்பார்கள். ஞாயிறு காலைப் பெண்களைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டிருப்பார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல். கோச் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, என்னைக் காட்டி, “தியாகம்னா என்னன்னு இவகிட்ட கத்துக்கணும். கையில இருந்ததை டீமுக்காக விட்டுக்கொடுத்திருக்கா,” என்று பேசினார். கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். இழந்தவள் என்று பெயர் வாங்குவதைவிடக் கொடுத்தவள் என்று பெயர் வாங்குவது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கக்கேடுதான். ஆனாலும் பிடித்திருந்தது.

அக்கா ஒரு கேக் துண்டைச் சின்னதாக்கி என் வாயில் வைத்தாள். க்ரீம் அதிகம். வேன் வருவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கோச் பூட்டுகிற மட்டைக்கு என் நாற்காலியை அளவெடுத்துக்கொண்டிருந்தார்; அவர் சந்தோஷத்தில் ஏதோ முணுமுணுத்தபடி இருந்தார்.

அவர் அளவெடுத்துவிட்டுப் போனதும் ஸ்டுடியோ மெதுவாக என் பக்கத்தில் வந்தான். சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, அடுத்த மாசம் எனக்கும் மறு மதிப்பீடு இருக்கு. நான் அஞ்சுலேர்ந்து நாலுக்கு இறங்கிட்டா நமக்கு ஒரு புள்ளி மிச்சம். உங்களுக்கு மறுபடி கையில மட்டை வாங்கிக்கலாம், பாருங்க.”

நல்ல பையன். உண்மையாகவே எனக்காகத்தான் யோசித்திருந்தான்.

“கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன்க்கா. உங்க முகத்துல துளி பொய் தெரியல. அந்த ஆளு கையைப் புடிச்சு அழுத்திப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியல. எப்படிக்கா பண்ணீங்க? எனக்கு மட்டும் சொல்லிக் கொடுங்க.”

“ஒண்ணும் கஷ்டமில்லப்பா,” என்றேன். “உன் முழு பலத்தையும் போட்டு அடி.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். தொழில் ரகசியத்தை அவனிடம் சொல்ல எனக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. முகம் வாடி, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.